கையில் மண் ஒட்டட்டும்!

கட்டடக்கலை மாணவர்கள் மண், சுண்ணாம்பு, மூங்கிலோடு நேரடியாகப் பழகும் பயிற்சிகளுக்கு வரவேற்பு இருக்கிறது. ஆனால், சில நாள் பயிற்சியில் ஒரு பொருளைக் கற்றுவிட முடியுமா?

செம்மண் குவியலைச் சுற்றி மாணவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஈர மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறார். மக்கு வாடை அடித்தால் அது மேல்மண். செடிக்கு ஆகும், சுவருக்கு ஆகாது. அடுத்தவர் உள்ளங்கையில் வைத்து உருட்டிய மண்ணைப் பட்டையாகத் தட்டி, விரலிடுக்கில் தொங்கவிட்டு, எவ்வளவு நீளத்தில் அறுந்து விழுகிறது என்று பார்க்கிறார். நிழலில் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். மண்ணும் தண்ணீரும் கலந்து குலுக்கி வைத்ததில் மணல் அடியில் இறங்கிவிட்டது. வண்டல் மெதுவாகப் படிகிறது. களிமண்ணோ இன்னும் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

சற்றுத் தள்ளி இரும்பு அச்சு இயந்திரம் நிற்கிறது. சலித்த மண், கொஞ்சம் சிமென்ட், அளவான ஈரம். மூடியை அடைத்து நீண்ட கைப்பிடியை இருவர் சேர்ந்து இழுத்தால், கூர்மையான விளிம்புகளோடு ஒரு கல் வெளியே வருகிறது. அதைத் தூக்கி அடுக்கும் மாணவிக்கு முதல் பாடம் மணிக்கட்டில் ஏறுகிறது: கல்லுக்கு எடை இருக்கிறது. கணினித் திரையில் வரையும்போது அது கோடுகளால் நிரப்பிய ஒரு கட்டம்தான். அங்கே அதற்கு எடை கிடையாது, ஈரம் கிடையாது, சுமப்பவரின் முதுகுவலியும் கிடையாது.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் இயங்கும் எர்த் இன்ஸ்டிட்யூட் போன்ற மையங்களில் மண் கட்டுமானப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. முதலில் மண்ணை அறிவது. கல் அறுப்பதும் சுவர் எழுப்புவதும் அதற்குப் பிறகுதான்.

சூளையில் தொடங்கும் கணக்கு

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்ட் தயாரிப்பின் பங்கு மட்டும் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். எரிபொருளை மாற்றினால் புகை குறையும். ஆனால் சுண்ணாம்புக்கல் உடையும்போது அதிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. சிமென்ட் தயாரிப்பின் மொத்த வெளியேற்றத்தில் பாதிக்கும் மேல் இந்த வேதிவினையிலிருந்து வருவதுதான். சூரிய மின்சாரத்தால் சூளையைச் சூடாக்கினாலும் இந்தப் பங்கு அப்படியே நிற்கும்.

ஆகவே, எந்தப் பொருளால் கட்டுவது, எவ்வளவு குறைவாகக் கட்டுவது என்ற கேள்விகள் கட்டட வரைஞரின் மேசைக்கு வந்துவிட்டன. இன்று முதலாண்டில் சேரும் மாணவர் பட்டம் பெற்று வரையப்போகும் கட்டடங்கள் ஐம்பது அறுபது ஆண்டுகள் நிற்கக்கூடியவை. அவர் இப்போது எதைக் கற்கிறாரோ அதற்கு அந்தக் கட்டடங்களின் ஆயுள் முழுக்க விளைவு உண்டு.

முன்னோடிகள் போட்ட பாதை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா என்ற ஊரகத் தொழில்நுட்ப மையம், அழுத்திச் செய்யும் மண் கற்களை ஆய்வகத்தில் சோதித்து அவற்றுக்கு அறிவியல் அடித்தளம் அமைத்தது. கேரளத்தில் கட்டட வரைஞர் லாரி பேக்கர் செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘ரேட் டிராப்’ முறையைப் பரப்பினார். செங்கலில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். நடுவில் தங்கும் காற்று வெயிலையும் தடுக்கும். 1985-இல் உருவான காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு அவர் வழியை இன்றும் தொடர்கிறது.

ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் தொடக்கம் 1989. மத்திய அரசு நிறுவனமான ஹட்கோவின் ஆதரவோடு உருவான இந்த மையத்தில் மண் கல் தயாரிப்பு, வளைவு, குவிமாடம் ஆகியவற்றில் மாணவர்கள், பொறியாளர்கள், கொத்தனார்கள் எனப் பலரும் பயிற்சி பெறுகிறார்கள். ஆரோவில்லின் பார்வையாளர் மையம் மண் கற்களால் கட்டப்பட்டது. 1992-இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான சர்வதேச விருதைப் பெற்றது. அங்குள்ள விகாஸ் குடியிருப்பில் மண் கல் சுவர்கள் நான்கு தளம் வரை எழும்பியிருக்கின்றன. மண் வீடு என்றால் குடிசைதான் என்று நினைத்து வரும் மாணவர்கள் அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

குஜராத்தின் பூஜ் நகரில், 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹுன்னர்ஷாலா அமைப்பு உருவானது. கான்கிரீட் கட்டடங்கள் பல சரிந்த அந்த நிலநடுக்கத்தில், கட்ச் பகுதியின் ‘பூங்கா’ எனும் வட்ட வடிவ மண் வீடுகளில் பல தாக்குப்பிடித்தன. கைவினைஞர்களின் அறிவை வைத்தே மறுகட்டுமானம் செய்யலாம் என்ற நம்பிக்கையை அந்த அனுபவம் வலுப்படுத்தியது. நம் திருவண்ணாமலையில், தண்ணல் என்ற குழு மண், சுண்ணாம்பு சார்ந்த இயற்கைக் கட்டுமானத்தைக் கற்பித்துவருகிறது.

வெளிநாடுகளில் இதைப் பட்டப்படிப்புக்குள்ளேயே கொண்டுவந்த கல்லூரிகள் உண்டு. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-இல் ‘ரூரல் ஸ்டூடியோ’வைத் தொடங்கியது. சாமுவேல் மாக்பியும் டி.கே. ரூத்தும் நிறுவிய இந்தத் திட்டத்தில், மாணவர்கள் அலபாமா மாநிலத்தின் ஏழ்மை மிகுந்த ஹேல் கவுண்டியில் தங்கி, அங்குள்ள மக்களுக்காக வடிவமைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் படித்த அன்னா ஹெரிங்கர், தன் பட்டயத் திட்டத்தை வங்கதேசத்தின் ருத்ராபூர் கிராமத்தில் மண்ணும் மூங்கிலும் கொண்டு பள்ளிக்கூடமாகவே எழுப்பினார். மண்ணையும் வைக்கோலையும் மாடுகள் மிதித்துக் குழைத்தன, ஊர்க்காரர்கள் கட்டினார்கள். 2007-இல் அந்தப் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

பெட்டிச் செய்தி: மண்ணை அறிய ஐந்து எளிய சோதனைகள்

• முகர்தல்: மக்கு வாடை வந்தால் அந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்.

• கை கழுவுதல்: ஈர மண் கையில் பிசுபிசுவென ஒட்டி, எளிதில் போகாவிட்டால் களிமண் அதிகம். சட்டென்று கழுவிவிட முடிந்தால் மணல் அதிகம்.

• புட்டிச் சோதனை: மண்ணைத் தண்ணீரில் குலுக்கி வைத்தால் மணல் உடனே படியும்; பிறகு வண்டல்; களிமண் தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். அடுக்குகளை அளந்தால் தோராய விகிதம் தெரியும்.

• உருண்டைச் சோதனை: பிடித்த உருண்டையைத் தரையில் போட வேண்டும். பொடிப்பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் அச்சுக்குச் சரியான பதம்.

• சுருக்கச் சோதனை: 60 செ.மீ. நீள மரப்பெட்டியில் குழைத்த மண்ணை நிரப்பிக் காயவிட்டு, எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க வேண்டும். சுருக்கம் கூடினால் சுவரில் வெடிப்பும் கூடும்.

சிமென்ட் சேர்த்து அழுத்தும் கல்லுக்கு ஆரோவில் மையம் காட்டும் தோராய விகிதம்: பரல் 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 சதவீதம். சேர்க்கும் சிமென்ட் சராசரியாக 5 சதவீதம்.

வரைபடத்தில் என்ன மாறுகிறது?

ஒரு மாணவர் தானே பத்து வரி சுவர் கட்டிப் பார்த்தால், ஜன்னலை எங்கே வைப்பது என்ற முடிவே மாறிவிடும். கல்லின் அளவுக்குப் பொருந்தாத இடத்தில் ஜன்னல் வந்தால் ஒவ்வொரு வரியிலும் கல்லை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய துண்டு வீண். வெட்டும் நேரமும் கூலி. அடுத்த முறை அவர் சுவரின் நீளத்தைக் கல்லின் எண்ணிக்கையில் யோசிப்பார்.

கூரையின் இறவாரமும் அப்படித்தான். மண் சுவருக்கு எதிரி மழைச்சாரல். அடித்தளத்தை உயர்த்தி, இறவாரத்தை வெளியே நீட்டி, தண்ணீர் தேங்காமல் தரையைச் சரித்து வைத்தால் சுவர் நிற்கும். பெட்டி போன்ற மொட்டைக் கட்டடத்தை அழகுக்காக வரைந்துவிட்டு, அதற்கு மண் சுவர் என்று பெயர் எழுதினால் இரண்டாவது மழையிலேயே பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு முக்கியமான மாற்றம், ஊரைக் கேட்டுவிட்டு வரையத் தொடங்குவது. ஆரோவில்லின் செம்மண்ணில் கற்றதைக் கோவில்பட்டியின் கரிசலுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே சுண்ணாம்பும் மணலும் கலந்து பார்க்க வேண்டும். இல்லையேல் வேறு பொருளைத் தேட வேண்டும். ‘மண் நல்லது’ என்ற பொது நம்பிக்கையிலிருந்து ‘எந்த மண், எதோடு சேர்த்து, எந்தச் சுவருக்கு’ என்ற கேள்விக்கு மாணவரை நகர்த்துவதே நேரடிப் பயிற்சியின் பெரிய பலன்.

செமஸ்டருக்குள் அடங்காத பொருள்கள்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பயிற்சிகளில் பல சில நாள்களில் முடிந்துவிடுகின்றன. பொருள்களோ தங்கள் நேரத்தில்தான் நடக்கும்.

அழுத்திய மண் கல் அச்சிலிருந்து வந்ததும் பயன்பாட்டுக்குத் தயாராகிவிடாது. முதல் இரண்டு நாள் ஈரம் போகாமல் மூடி வைத்து, பிறகு நான்கு வாரம் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். ஒரு வாரப் பயிற்சிக்கு வந்த மாணவர் தன் கையால் அச்சடித்த கல்லை அந்த வாரத்தில் சுவரில் வைக்க முடியாது. முன்பே யாரோ செய்து ஆற்றிய கல்லில்தான் கட்டுகிறார். தன் கல் பிழைத்ததா, விரிசல் கண்டதா, அழுத்திச் சோதித்தால் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

சுண்ணாம்பு இன்னும் பொறுமையைக் கேட்கும். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவிட்டால்தான் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகும். கடுக்காய் ஊறிய நீர், வெல்லம் என நம் கொத்தனார்கள் சேர்த்த பொருள்களின் குணமும் நாள்பட நாள்படத்தான் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப் பூச்சு அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து வந்தது. ஒரு பிற்பகல் செய்முறையில் அதைக் காட்டிவிட முடியாது.

மூங்கிலை எப்போது வேண்டுமானாலும் வெட்டக் கூடாது. தண்டில் மாவுச்சத்து மிகுந்திருக்கும் காலத்தில் வெட்டினால் வண்டு துளைத்துவிடும். மூன்று ஆண்டாவது முற்றிய மூங்கிலை, மாவுச்சத்து குறைந்த பருவத்தில் வெட்டி, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கிராமங்களில் தேய்பிறை பார்த்து மூங்கில் வெட்டும் வழக்கம் இன்றும் உண்டு.

கடைசியாக, மழை. தமிழ்நாட்டில் சுவரைச் சோதிக்கும் உண்மையான தேர்வாளர் வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரில் எங்கே ஈரம் ஏறுகிறது, எந்த மூலையில் பூச்சு உதிர்கிறது என்று பார்க்காமல் மண் கட்டுமானம் கற்றேன் என்று சொல்ல முடியாது. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு திரும்பிய மாணவர், தான் கட்டிய சுவரை மறுபடி பார்ப்பது அரிது.

இன்னொன்றும் கவலைக்குரியது. வெளியே நடக்கும் பயிற்சிகளுக்குக் கட்டணம், பயணம், தங்குமிடம் எனச் செலவு உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு அது எட்டாத தொகையாக இருக்கலாம். பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கும்வரை, பொருளைத் தொட்டுப் படிப்பது வசதியுள்ளவர்களின் கூடுதல் தகுதியாகவே நின்றுவிடும். கொத்தனாரின் மகனோ மகளோ கட்டடக்கலை படிக்க வந்தால், வீட்டில் இருக்கும் அறிவை வகுப்பறையில் மதிப்பாக்க வேறு வழி ஏது?

கொத்தனார் ஆசிரியரானால்

தூக்குக்குண்டு, ரசமட்டம், மணியாஸ்கட்டை. இந்தக் கருவிகளைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கொத்தனார்களும் மேஸ்திரிகளும்தான். பயிற்சிக் களத்தில் பேராசிரியரும் மாணவரும் ஒரே வரிசையில் நின்று அவர்களிடம் கற்கிறார்கள். கலவையில் தண்ணீர் கூடிவிட்டதைக் கரண்டியின் சத்தத்தில் சொல்லிவிடும் அனுபவம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

அதன் விளைவு பட்டம் பெற்ற பிறகும் தொடர்கிறது. ஒரு நாளாவது சட்டி சுமந்த கட்டட வரைஞர், களத்தில் சித்தாள் எங்கிருந்து எங்கே சுமக்கிறார் என்பதைக் கவனிப்பார். சாரம் எங்கே நிற்கும், குவியல் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே யோசிப்பார். வரைபடத்திலேயே குறையும் ஒரு நடை, ஒரு பெண்ணின் உடலில் ஆண்டுக்கணக்கில் குறையும் வலி. நம் கட்டுமானக் களங்களில் பெண்கள் சித்தாளாகவே வாழ்நாளைக் கழிக்கிறார்கள். கரண்டி பிடிக்கும் வேலை அரிதாகத்தான் அவர்களுக்கு வாய்க்கிறது. பயிற்சியில் மாணவிகள் கரண்டி பிடித்து வளைவு கட்டும்போது, அந்தப் பாகுபாடு இயற்கையானது இல்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

ஆனால் மரியாதை ஊதியத்திலும் தெரிய வேண்டும். கற்பிக்கும் கொத்தனாருக்கு நாள்கூலி கொடுத்து அனுப்பாமல், விருந்தினர் ஆசிரியருக்குரிய மதிப்பூதியத்தைக் கல்லூரிகள் வழங்க வேண்டும். பூஜில் ஹுன்னர்ஷாலா கைவினைஞர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. கட்டுபவரும் வரைபவரும் சேர்ந்து கற்கும் இடங்கள் தமிழ்நாட்டுக்கும் தேவை.

பாதுகாப்பையும் இங்கேதான் கற்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கல் வெட்டும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் போட்டுப் பழகும் மாணவர், நாளை தன் களத்தில் தொழிலாளிக்கும் அவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுப்பார்.

வீடு கட்டுபவருக்கு என்ன பயன்?

‘மண் வீடு மலிவா?’ என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. எப்போதும் மலிவு இல்லை. பொருளுக்கும் லாரி வாடகைக்கும் போகும் பணம் குறையும். ஆள் வேலை கூடும். மனையிலேயே நல்ல மண் இருந்து, பழகிய ஆள்களும் கிடைத்தால் லாபம். இரண்டும் தொலைவிலிருந்து வந்தால் செலவு ஏறும். கையால் செய்து பார்த்தவர்தான் இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும்.

அடுத்த பயம் பாதுகாப்பும் அனுமதியும். அழுத்திய மண் கற்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1725 என்ற தரம் இருக்கிறது. 2013-இல் அது திருத்தப்பட்டது. மண் கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்புக்கு 1993-இலேயே ஐ.எஸ். 13827 வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் மூங்கிலுக்கும் பகுதி உண்டு. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017-இல் வனச் சட்டத்தின் மர வரையறையிலிருந்து நீக்கப்பட்டதால், விவசாயி அதை வளர்த்து விற்பதும் எளிதாகியிருக்கிறது. சட்டமும் தரமும் இருந்தும், அவற்றைப் படித்துக் கையெழுத்துப் போடும் துணிவுள்ள வல்லுநர்கள் குறைவு. கல்லை ஆற்றி, இயந்திரத்தில் நசுக்கி, முடிவைக் கைப்பட எழுதிய மாணவருக்கு அந்தத் துணிவு வரும்.

பெட்டிச் செய்தி: பார்த்துத் தொட்டுக் கற்க நம் ஊர் இடங்கள்

• ஆத்தங்குடி (சிவகங்கை மாவட்டம்): கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்துச் செய்யும் தரைக்கல். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவதோடு சரி.

• சென்னையின் பழைய கட்டடங்கள்: மரச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்த ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை.

• முட்டுக்காடு தட்சிணசித்ரா: தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுவிய வளாகம். மண், மரம், ஓடு, சுண்ணாம்பு எல்லாம் ஒரே இடத்தில்.

மாநகரத்துக்கு எது?

பத்து மாடி அடுக்ககத்தை மண் கல்லால் எழுப்ப முடியாது. நகரத்து மாணவர் கான்கிரீட்டைத் தவிர்க்கவும் முடியாது. அப்படியானால் அவருக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

கான்கிரீட்டையும் தொட்டுப் படிப்பதற்குத்தான். சென்னை ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி., சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை பங்கெடுத்து உருவாக்கிய எல்.சி.3 என்ற சிமென்ட், கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்க்கிறது. கரியமில வாயு வெளியேற்றம் 40 சதவீதம் வரை குறையும். 2023-இல் இதற்கு இந்தியத் தரமும் கிடைத்துவிட்டது. இடித்த கட்டடத்தின் கழிவை நொறுக்கிய ஜல்லியையும் விதிகள் அனுமதிக்கின்றன: ஐ.எஸ். 383-இன் 2016 திருத்தப்படி, எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் ஜல்லியில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம்.

இவற்றைப் பாடமாகக் கேட்பதைவிட, மூன்று வகைக் கலவையில் 150 மில்லிமீட்டர் கனசதுரங்களை வார்த்து, 28-ஆம் நாளில் உடைத்துப் பார்ப்பது வேறு. பழைய ஜல்லி தண்ணீரை அதிகம் குடிக்கும் என்பதை வாளியும் கரண்டியும் காட்டிக் கொடுக்கும். தூண் எவ்வளவு பருமன் இருந்தால் போதும், எந்தச் சுவரைக் கட்டாமலே விடலாம் என்ற கேள்விகளும் அங்கிருந்துதான் பிறக்கும். நகரத்தில் கரியமில வாயுவைக் குறைக்கும் முதல் வழி, தேவையில்லாத கான்கிரீட்டை வரையாமல் இருப்பது.

ஐந்து ஆண்டுப் படிப்பு, நான்கு மழைக்காலம்

பி.ஆர்க். படிப்பு ஐந்து ஆண்டு. கட்டுமானப் பொருள்கள் குறித்த பாடம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. வளாகத்தில் ஓரிரு சென்ட் வெற்றிடமும் பெரும்பாலும் இருக்கும். தேவைப்படுவது கால அட்டவணையை மாற்றி யோசிக்கும் மனம்.

முதலாண்டின் ஜனவரியில், வளாகத்து மண்ணைச் சோதித்துக் கல் அறுக்கலாம். நான்கு வாரம் ஆற்றி, மார்ச்சில் இடுப்பளவுச் சுவர்களாகக் கட்டலாம்: ஒன்று பூச்சில்லாமல், ஒன்று சுண்ணாம்புப் பூச்சோடு, ஒன்று இறவாரம் போட்டு, ஒன்று இறவாரமே இல்லாமல். அதே வகுப்பு ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தச் சுவர்களை அளந்து, படம் எடுத்து, ஈரம் ஏறிய உயரத்தையும் உதிர்ந்த இடத்தையும் பதிவேட்டில் எழுதலாம். பட்டம் பெறுவதற்குள் நான்கு வடகிழக்குப் பருவமழையின் பதிவு அவர்கள் கையில் இருக்கும். இடையில் விழுந்த சுவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஏன் விழுந்தது என்று விளக்கி, திருத்திக் கட்டியவருக்கு மதிப்பெண் கூட வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். கை அச்சு இயந்திரத்தைப் பல கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளலாம். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் கற்களைச் சோதிக்கலாம். உள்ளூர்க் கொத்தனார்களை செமஸ்டர் முழுவதற்கும் அழைக்கலாம். கோவில்பட்டிக் கரிசல், தஞ்சை வண்டல், புதுக்கோட்டைச் செம்புரை என ஒவ்வொரு வட்டாரக் கல்லூரியும் தன் மண்ணில் எடுத்த பதிவுகளைத் தமிழில் வெளியிட்டுப் பரிமாறிக்கொண்டால், தமிழ்நாட்டு மண்ணுக்கு ஒரு பொது ஆவணமே உருவாகும். வீடு கட்ட நினைக்கும் குடும்பமும் ஊராட்சிப் பொறியாளரும் அதைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இந்த ஆண்டு கட்டடக்கலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவரும் பெற்றோரும் கணினி ஆய்வகத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மாணவர்கள் கையால் கட்டிய சுவர் வளாகத்தில் எங்கே இருக்கிறது? அதைக் கற்பித்த கொத்தனார் யார்? கடந்த மழைக்குப் பிறகு அதில் என்ன மாறியது?